காரில் சுத்தமான பேஸ் கேட்க எத்தனை இன்ச் சப்வூஃபர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காருக்கு சப்வூஃபர் (பாட்டின் அடித்தள ஒலியான பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாக 'சப்' அல்லது 'வூஃபர்') வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "8 இன்ச்சா, 10 இன்ச்சா, 12 இன்ச்சா?" என்பதைத்தான். உண்மையில் இன்ச் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய விஷயம். டிக்கியில் எத்தனை லிட்டர் இடம் விட முடியும், கதவில் இருக்கும் ஸ்பீக்கர் எவ்வளவு உழைக்கும், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் இன்ச் தானாக முடிவாகிவிடும். கீழே உள்ள பதில்கள் பாட்டை ரசித்துக் கேட்பவர்களுக்கானவை. சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியின் கண்ணாடி அதிர வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கே வேறு.

நீட்டாமல் சொல்லுங்கள், எத்தனை இன்ச் வாங்கட்டும்?

ஸ்விஃப்ட், ஐ20, பலேனோ மாதிரி ஹேட்ச்பேக் என்றால் சீல்டு பாக்ஸில் (காற்று வெளியேறாதபடி முழுதாக மூடிய பெட்டி) ஒரே ஒரு நல்ல 10 இன்ச். ஹோண்டா சிட்டி மாதிரி பெரிய டிக்கி உள்ள செடான், அல்லது எஸ்யூவி என்றால் 12 இன்ச். டிக்கியைத் தொடவே கூடாது என்றால் முன்சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இன்ச். 15 இன்ச்சைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது தரமான ஒலி தராது என்பதல்ல காரணம். அதற்குத் தேவையான பாக்ஸை வைத்த பிறகு நம் ஊர்க் கார்களில் ஒரு சூட்கேஸ்கூட வைக்க முடியாது.

12 இன்ச் மந்தமாக அடிக்கும், 8 இன்ச்தான் 'டைட்'டாக இருக்கும் என்கிறார்களே?

கடைக்குக் கடை கேட்கும் பேச்சு இது. ஆனால் சரியில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் கோன் (ஸ்பீக்கரின் முன்னே அதிரும் கூம்பு) நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போக வேண்டும். 8 இன்ச்சும் அதையேதான் செய்கிறது, 12 இன்ச்சும் அதையேதான் செய்கிறது. சொல்லப்போனால், அதே சத்தத்துக்குச் சின்ன கோன்தான் அதிக தூரம் ஓட வேண்டும். பெரிய கோன் எடை கூடுதல்தான், ஆனால் அதற்குத் தகுந்த மேக்னட்டும் காயிலும் சேர்ந்தேதான் வருகின்றன.

அப்படியானால் பலர் கேட்ட 12 இன்ச் ஏன் கொழகொழவென்று இருந்தது? பெரும்பாலும் காரணம் பாக்ஸ். 36 லிட்டர் கேட்கும் வூஃபரை 20 லிட்டர் பாக்ஸில் திணித்தால், உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி விறைத்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு மேடு கிளம்பும், அடி விழுந்து முடிந்த பிறகும் அந்த நோட் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவையைத்தான் காது 'ஸ்லோ' என்று எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம் சப்பை 120 ஹெர்ட்ஸ் வரை பாட விடுவது. மலிவான பெரிய வூஃபர்களில் வாய்ஸ் காயிலின் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) இண்டக்டன்ஸ், அதாவது வேகமான மின் மாற்றங்களை எதிர்க்கும் தன்மை, அதிகமாக இருக்கும், மேலே போகப் போக ஒலி மழுங்கும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டால் அதே வூஃபர் வேறு மாதிரி கேட்கும். மூன்றாவது காரணம், சப் லெவலை அளவுக்கு மீறி ஏற்றி வைத்திருப்பது. இதற்குச் சைஸைக் குறை சொல்லி என்ன பயன்?

அப்படியானால் பெரிய சைஸால் என்னதான் லாபம்?

காற்றைத் தள்ளும் அளவு. பேஸ் என்பதே காற்றைத் தள்ளுவதுதான். கோனின் பரப்பையும் அது ஒரு பக்கம் ஓடக்கூடிய தூரத்தையும் பெருக்கினால் அந்த அளவு கிடைக்கும். ஓடும் தூரத்தை ஸ்பெக் ஷீட்டில் எக்ஸ்மேக்ஸ் என்று போட்டிருப்பார்கள். கோன் பரப்பு பிராண்டுக்குப் பிராண்ட் கொஞ்சம் மாறும். ஏறத்தாழ 8 இன்ச்சுக்கு 210 சதுர சென்டிமீட்டர், 10 இன்ச்சுக்கு 330, 12 இன்ச்சுக்கு 480.

இப்போது ஒரு கணக்கு. நல்ல 10 இன்ச், எக்ஸ்மேக்ஸ் 14 மில்லிமீட்டர்: 330 × 1.4 = 462 கன சென்டிமீட்டர். சுமாரான 12 இன்ச், எக்ஸ்மேக்ஸ் 9 மில்லிமீட்டர்: 480 × 0.9 = 432. விலை குறைவான 12 இன்ச்சை நல்ல 10 இன்ச் தாண்டிவிட்டது! கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் 12 இன்ச்தான் பெரிதாகத் தெரியும்.

ஒரு ஆக்டேவ் கீழே போக, அதாவது 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 ஹெர்ட்ஸுக்கு வர, அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்று தள்ள வேண்டும். அதனால்தான் 8 இன்ச் 60 ஹெர்ட்ஸில் கம்பீரமாக இருந்துவிட்டு 35 ஹெர்ட்ஸில் மூச்சு வாங்குகிறது. வூஃபர் தன் எல்லை வரை ஓடும்போது டிஸ்டார்ஷன் ஏறும். பாதித் தூரமே ஓடி அதே சத்தம் தரும் வூஃபர் சுத்தமாகக் கேட்கும். தரமான ஒலி வேண்டுபவருக்குப் பெரிய கோனால் கிடைக்கும் நன்மை இதுதான். கூடுதல் சத்தத்துக்காக அதை வாங்க வேண்டியதில்லை.

நம் பாட்டுகளுக்கு எவ்வளவு கீழே வரை பேஸ் வேண்டும்?

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடி நோட் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 31 ஹெர்ட்ஸ். 80களின் தமிழ்ப் பட இசையில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் பாட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக, ஒரே கனத்தில் கேட்டால் உங்கள் சப் நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நோட் மட்டும் உறுமி, அடுத்தது காணாமல் போனால் எங்கோ மேடு பள்ளம் இருக்கிறது. மிருதங்கம், தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் கும்காரம் சப்பும் டோர் ஸ்பீக்கரும் கைமாற்றிக்கொள்ளும் பகுதியை ஒட்டி வரும். அங்கே இரண்டும் ஒட்டவில்லை என்றால் தவில் அடி டப்பா தட்டுவது போல ஆகிவிடும்.

இன்றைய எலக்ட்ரானிக் பேஸ் 30 ஹெர்ட்ஸ் வரையும் இறங்கும். ஆக 30 ஹெர்ட்ஸ் வரை தெளிவாக வந்தால் போதும்.

ஒரு 10 இன்ச் 30 ஹெர்ட்ஸ் வரை போகுமா? வீட்டு ஹோம் தியேட்டரில் போகவில்லையே?

காருக்குள் போகும். கார் ஆடியோவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். காரின் உட்புறமோ நீளவாக்கில் இரண்டரை மீட்டர் போல. அலை விரிய இடமில்லாததால், கோன் முன்னே வரும்போது காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் ஒரே நேரத்தில் அழுத்தப்படுகிறது. இதைக் கேபின் கெயின் என்பார்கள். இரண்டரை மீட்டர் உட்புறத்துக்கு இது சுமார் 70 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும். ஏட்டுக் கணக்குப்படி அதற்குக் கீழே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் கூட வேண்டும். கதவு இடுக்கு, தகரத்தின் நெளிவு, கண்ணாடி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிவிடுவதால் நிஜக் காரில் அவ்வளவு வராது.

அழகு எங்கே என்றால், சீல்டு பாக்ஸில் உள்ள வூஃபர் கீழே போகப் போக அதே 12 டெசிபல் வீதம் குறைகிறது. ஒன்று இறங்க, இன்னொன்று ஏற, இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட சமமான பேஸ் கிடைக்கிறது. வீட்டு ஹாலில் 45 ஹெர்ட்ஸிலேயே தளர்ந்துபோகும் ஒரு 10 இன்ச், ஹேட்ச்பேக்குக்குள் 30 ஹெர்ட்ஸைத் தொடுவது இப்படித்தான்.

டிக்கியில் உண்மையில் எவ்வளவு இடம் போகும்?

சீல்டு பாக்ஸுக்கு உட்கொள்ளளவு பொதுவாக 8 இன்ச்சுக்கு 9 முதல் 14 லிட்டர், 10 இன்ச்சுக்கு 17 முதல் 28, 12 இன்ச்சுக்கு 28 முதல் 42. உங்கள் வூஃபருக்கு எவ்வளவு என்பது அதன் மேனுவலில் இருக்கும். கன அடியில் போட்டிருந்தால் 28.3 ஆல் பெருக்குங்கள்.

பலரும் மறப்பது பலகையின் தடிமனை. 10 இன்ச்சுக்கு உள்ளே 40 × 30 × 20 சென்டிமீட்டர், அதாவது 24 லிட்டர் பாக்ஸ் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை போட்டால் வெளி அளவு 43.6 × 33.6 × 23.6 ஆகிவிடும். டிக்கியில் அது பிடிப்பது 34.6 லிட்டர். பத்து லிட்டருக்கு மேல் பலகைக்கே போகிறது. அதேபோல 12 இன்ச்சுக்கு 36 லிட்டர் பாக்ஸ் வெளியே 49 லிட்டரைத் தாண்டும். 2018இல் வந்த ஸ்விஃப்ட்டின் டிக்கி 268 லிட்டர். அதில் ஊருக்குப் போகும் பைகளையும் வைக்க வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வெளி அளவுக்கு வெட்டி ஒட்டி, டிக்கியில் வைத்து ஒரு வாரம் வண்டி ஓட்டுங்கள். ஸ்டெப்னி எடுக்க முடிகிறதா, மளிகைப் பை நிற்கிறதா, பின்சீட்டை மடக்க முடிகிறதா எல்லாம் தெரிந்துவிடும்.

இடம் இல்லை என்று 12 இன்ச்சைச் சின்ன பாக்ஸில் போட்டால் என்ன?

போடாதீர்கள், 10 இன்ச் வாங்குங்கள். ஏன் என்பதைக் கணக்காகவே காட்டலாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்தெழுதிய முறைதான் இன்றும் எல்லா வூஃபர் ஸ்பெக் ஷீட்டிலும் இருக்கிறது. அதில் க்யூடிஎஸ் (Qts, வூஃபரின் அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது), விஏஎஸ் (Vas, வூஃபரின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில்) என்று இரண்டு எண்கள் வரும். விஏஎஸ்ஸை பாக்ஸின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்கினால், பாக்ஸில் வைத்த பிறகு அந்தக் கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்று காட்டும் க்யூடிசி (Qtc) கிடைக்கும்.

க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 25 லிட்டர் உள்ள வூஃபரை 25 லிட்டர் பாக்ஸில் வைத்தால் க்யூடிசி 0.707. சமமான, கட்டுக்கோப்பான பேஸுக்கு எல்லோரும் தேடும் எண் இது. அதே வூஃபரை 12 லிட்டரில் வைத்தால் 0.88. 8 லிட்டரில் 1.0ஐத் தாண்டிவிடும், மேடும் இழுவையும் காதுக்கே தெரியும். கொஞ்சம்தான் குறைகிறது என்றால் பாக்ஸுக்குள் பாலிஃபில் பஞ்சு தளர்வாக நிரப்பலாம், பாக்ஸ் சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். பாதி அளவுப் பாக்ஸை அது காப்பாற்றாது.

சீல்டா, போர்ட்டடா?

ரசித்துக் கேட்பதற்கு என் தேர்வு சீல்டு. சிறியது, கணக்குப் பிசகினாலும் மன்னிக்கும், கேபின் கெயினோடு பொருந்தும். போர்ட்டட் பாக்ஸ் (காற்று போய்வர ஒரு குழாய் வைத்த பெட்டி) டியூன் செய்த அதிர்வெண்ணைச் சுற்றி அதிக சத்தம் தரும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும், கோனைப் பிடித்து நிறுத்தும் காற்றும் இல்லாமல் போகும். அதனால் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் கட்டாயம். வூஃபருக்கென்றே வடிவமைத்து 30 ஹெர்ட்ஸை ஒட்டி டியூன் செய்த பெரிய போர்ட்டட் பாக்ஸ் அருமையாகப் பாடும், மறுக்கவில்லை. கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை பெரும்பாலும் சின்னதாகவும், டியூனிங் உயரமாகவும் இருப்பவை. அவற்றில் எல்லாப் பாட்டும் ஒரே நோட்டில் 'டும் டும்' என்று கேட்கும்.

ஒரு 12 நல்லதா, இரண்டு 10 நல்லதா, இரண்டு 8 நல்லதா?

பரப்பைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு 8 சேர்ந்தால் 420, ஒரு 10ஐத் தாண்டும், 12ஐ எட்டாது. இரண்டு 10 சேர்ந்தால் 660, ஒரு 12ஐ நன்றாகவே தாண்டும். ஆனால் பாக்ஸ் அளவும் இரண்டு மடங்கு. ஒரே பட்ஜெட்டில் இரண்டு சுமாரானதைவிட ஒரு நல்லதை வாங்குவதுதான் எப்போதும் என் யோசனை. ஆழம் குறைவான இடத்தில், உதாரணமாகப் பின்சீட்டின் முதுகுப் பக்கம், பெரிய வூஃபர் நுழையாதபோது மட்டும் இரண்டு 8 அர்த்தமுள்ள தேர்வு.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சப் போதுமா? சிஎன்ஜி கார், டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது.

சிஎன்ஜி வண்டிக்கு வேறு வழி அதிகம் இல்லை, அதைப் பற்றி வருத்தப்படவும் வேண்டாம். உள்ளேயே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பொருத்தி, தட்டையான அலுமினிய உறையில் வரும் 8 இன்ச் சப் 45, 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் பாடும். டோர் ஸ்பீக்கரின் பாரத்தைக் குறைத்து, பாட்டுக்கு ஒரு அடித்தளம் கொடுத்துவிடும். உங்கள் காலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பேஸ் முன்னாலிருந்து வருவது போலத் தோன்றும், இது டிக்கி சப்பில் எளிதில் கிடைக்காத சுகம்.

30 ஹெர்ட்ஸ் எதிர்பார்க்காதீர்கள். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சல் பேஸை விழுங்கும்போது லெவலை ஏற்றினால் டிஸ்டார்ஷன் தெரியும். வாங்கும் முன் சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் தள்ளி, அடியில் இருக்கும் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஏசி டக்ட், வயர் கொத்து இரண்டும் அங்கேதான் போகும்.

செடானில் டிக்கியில் அதிருகிறது, உள்ளே பேஸ் வரவில்லை. சைஸ் போதவில்லையா?

சைஸ் அல்ல, வழி இல்லை. செடானில் பின்சீட்டும் பார்சல் ட்ரேயும் சுவர் மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். பின்சீட்டு ஆர்ம்ரெஸ்ட்டை இறக்கிப் பாருங்கள். அங்கே டிக்கிக்குத் திறப்பு இருக்கும் மாடல்களில் பேஸ் உடனே கூடும். பாக்ஸின் முகத்தை டிக்கிக் கதவுப் பக்கம், சீட்டுப் பக்கம், மேலே என்று திருப்பி வைத்துக் கேளுங்கள். வித்தியாசம் ஆச்சரியப்படுத்தும். இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை.

அட்டைப்பெட்டியில் 1,300 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

அந்தப் பெரிய எண் பீக் பவர், ஒரு கண நேரத்துக்கானது. சின்ன எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ்தான் (தொடர்ந்து தாங்கும் பவர்) வேண்டும். ஹேட்ச்பேக்கில் ஒரு 10 இன்ச்சுக்கு 250 முதல் 350 வாட்ஸ் ஆர்எம்எஸ் தாராளம். பவரை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஆம்ப் எத்தனை ஓமில் அந்த வாட்ஸைத் தருகிறது என்பதையும் பாருங்கள். இரட்டை 4 ஓம் காயில் உள்ள வூஃபரை 2 ஓமாகவோ 8 ஓமாகவோதான் இணைக்க முடியும், 4 ஓம் வராது. பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இதில் மட்டும் கடைக்காரர் சொன்னார் என்று விட்டுக்கொடுக்காதீர்கள், வயர் உரசினால் தீப்பிடிக்கும்.

சப் வாங்குவதா, டோர் ஸ்பீக்கரை முதலில் மாற்றுவதா?

கதவுதான் முதலில். கம்பெனி ஸ்பீக்கர் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தடுமாறினால், அந்த இடைவெளியை நிரப்ப சப்பை மேலே இழுக்க வேண்டியிருக்கும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் தொடங்கும், பேஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது தெரிந்துவிடும். கதவின் தகரத்துக்கு பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, பெரிய ஓட்டைகளை அடைத்து, நல்ல 6.5 இன்ச் செட் ஒன்று போடுங்கள். அதற்குப் பிறகு முன்பு நினைத்ததைவிடச் சின்ன சப்பே போதும் என்று தோன்றக்கூடும்.

பொருத்திய பிறகு செட்டிங் எப்படி வைப்பது?

சப்புக்கு லோ பாஸ் (கீழே உள்ளதை மட்டும் விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ், டோர் ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (மேலே உள்ளதை மட்டும் விடுவது) 80 ஹெர்ட்ஸ், இரண்டும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவில். இதிலிருந்து ஆரம்பிக்கலாம். பேஸ் பூஸ்ட் குமிழை பூஜ்யத்தில் வையுங்கள். 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் நான்கு மடங்கு பவர், ஆம்ப் அங்கேதான் கிளிப் ஆகும், அதாவது எல்லை தாண்டி ஒலி சிதையும்.

ஆம்பில் உள்ள கெயின் குமிழ் வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்துவதற்கானது. மல்டிமீட்டர் இருந்தால் சரியாக வைக்கலாம். வேண்டிய வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6 வோல்ட். சப் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை முக்கால் வால்யூமில் வைத்து, பூஜ்ய டெசிபல் 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப் வெளியீட்டில் அந்த ஏசி வோல்ட் வரும் வரை கெயினை மெதுவாகத் திருப்புங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபேஸ், அதாவது சப்பும் டோர் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் ஓடுகின்றனவா என்பது. 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடும்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஃபேஸ் ஸ்விட்ச்சை 0, 180 என்று மாற்றிக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் உங்கள் காருக்குச் சரி. ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் (எல்லா ஸ்பீக்கரின் ஒலியும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்யும் வசதி) இருந்தால் ஒவ்வொரு 34 சென்டிமீட்டர் தூர வித்தியாசத்துக்கும் 1 மில்லிசெகண்ட் வீதம் முன் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்துங்கள்.

கடையில் கேட்டுப் பார்த்து வாங்கலாமா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் டெமோ போர்டில் போட்டுக் காட்டுவார்கள். அங்கே கேட்பதை வைத்து சப்பை முடிவு செய்யாதீர்கள். திறந்த கடையில் கேபின் கெயின் இல்லை, பாக்ஸும் உங்களுடையது அல்ல. உங்கள் மாடல் காரிலேயே யாருக்காவது பொருத்தியிருந்தால் அதில் உட்கார்ந்து கேளுங்கள். கடைக்காரர் போடும் டெமோ பாட்டு வேண்டாம், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடுங்கள். மெதுவான வால்யூமிலும் பேஸ் கிட்டார் புரிகிறதா என்று கவனியுங்கள்.

ஏற்கெனவே 12 இன்ச் பேஸ் ட்யூப் (உருளை வடிவப் போர்ட்டட் பாக்ஸில் வரும் சப்) இருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு 10 இன்ச் வாங்கட்டுமா?

உடனே வேண்டாம். முதலில் லோ பாஸை 80க்கு இறக்கி, பூஸ்டை அணைத்து, லெவலைக் குறைத்து, ஃபேஸ் மாற்றி, இடம் மாற்றி ஒரு வாரம் கேளுங்கள். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு நம்பர் பிளேட், டிக்கிக் கதவு லாக், பார்சல் ட்ரே எங்கெங்கே கடகடக்கிறது என்று கையால் அழுத்திப் பாருங்கள். பேஸ் கெட்டுப்போனதாக நினைப்பது பல சமயம் இந்தக் கடகடப்புதான், அதற்குக் கொஞ்சம் ஃபோம் டேப் போதும். இதற்கெல்லாம் பிறகும் ஒரே நோட்டில் முழங்கினால் அது ட்யூபின் டியூனிங், செட்டிங்கில் தீராது. ட்யூபிலிருந்து வூஃபரைக் கழற்றி அதற்கேற்ற சீல்டு பாக்ஸ் செய்யலாம். அதன் ஸ்பெக் ஷீட் கிடைத்து, க்யூடிசி 0.7ஐ ஒட்டி வரும் பாக்ஸ் உங்கள் டிக்கியில் அடங்கும் என்றால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அதை விற்றுவிட்டு 10 இன்ச்சுக்குப் போய்விடலாம்.